லீலாதேவியின் நடுக்கக் குளிசை

...ஆறு பாமசி, ஆறு மருந்துக்கடை, தம்பி! கண்டியில ஆறு ஏறி இறங்கினன், ஒரு அமன்டடின் குளிசை இல்லை. இண்டைக்குக் கலகெதரவிலயும் இல்லையாம்! எனக்கில்லை, என்ர மனுசி லீலாதேவிக்கு. கைநடுக்க வருத்தம். குளிசை போட்டா கோப்பையைத் தானே பிடிப்பா. நாலு நாளாப் போடேல்லை... நேற்றுத் தேத்தண்ணி முழுக்க என்ர சாரத்தில!

கட்டுகஸ்தோட்டைப் பாமசியில ஒரேயொரு பெட்டி கிடக்காம், போனில சொன்னவை. அதைத்தான் நம்பி வாறன்.

என்ன, பஸ் நிண்டிட்டுது? ஆ, கட்டுகஸ்தோட்டைச் செக்பொயின்ற். இறங்கும், ஐடென்டிட்டியை எடும். மடியில உம்மட கோழிக்குஞ்சுப் பெட்டி கவனம்! யாழ்ப்பாணத்தில பிறந்த குற்றத்துக்கு எனக்குப் பத்துக் கேள்வி. உம்மட குஞ்சுகளை ஆரும் எங்க பிறந்தனியள் எண்டு கேக்கமாட்டினம்!

எங்க விட்டனான்? ஓம், குளிசை. அதை ஆர் திண்டது எண்டு கேளுமன். கோழி! விசர்க்கதை இல்லை. முப்பத்திரண்டு வருசம் ஆசுப்பத்திரியில மருந்து குடுத்தவன் சொல்லுறன். உது முதல் வந்தது சளிக்காய்ச்சல் வைரசுக்கு. நடுக்கத்துக்கும் கேக்குது எண்டு பிறகுதான் கண்டது. இப்ப பேப்பர் முழுக்கப் பறவைக்காய்ச்சல். இஞ்ச ஒரு கோழி தும்மேல்லை... ஆனா கோழிக்காரர் பாமசியளைத் துடைச்செடுத்துப் போட்டினம். வருத்தம் வரமுதலே கோழிக்குத் தண்ணியில கரைச்சு வைக்கினமாம்!

ஆர் சொல்லிக் குடுத்ததோ? அது... அது வந்து...

போன வெள்ளி எங்கட பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரன் மஹ்ரூப்பின்ர பண்ணையில கோழிக்காரரின்ர கூட்டம். "சேர், ரெண்டு வார்த்தை பேசுங்க" எண்டான். என்னட்டையோ ரெண்டு வார்த்தை! ஆதியில தொடங்கினன். பிறநாட்டில கோழிக்காரர் இந்தக் குளிசையை எப்பிடிக் கரைச்சவை, நூறு கோழிக்கு எத்தினை... எல்லாம் விபரமா! மஹ்ரூப் கொப்பியில எழுதினான். அந்த நேரம் பாத்து ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளியில பாங்கு சொல்லிப்போட்டினம். முழுப்பேரும் எழும்பிப் போயிட்டினம்! முக்கியமானதை நான் கடைசிக்கெல்லோ வச்சிருந்தனான்!

அது என்னெண்டா... ஆ, ஆமிக்காரர் கூப்பிடுறார்... ஓம் மாத்தயா, யாழ்ப்பாணம்தான். இல்லை மாத்தயா, பென்சன் எடுத்திட்டன்... மருந்து வாங்க... மனுசிக்கு... ஓம், ஓம்... பொறும் தம்பி, உதில நில்லும், இந்தா முடிஞ்சுது...

அப்பாடா. அது என்னெண்டா தம்பி...

தம்பி?

பஸ்ஸிலயும் இல்லை... அட, அந்தா! குஞ்சுப் பெட்டியோட நான் சொன்ன அந்தப் பாமசிக்குள்ள ஏறுறான்!

தம்பீ! கடைசியைக் கேட்டிட்டுப் போமன்! கோழிக்குக் குடுக்கக் குடுக்க வைரசு மருந்துக்குப் பழகிப்போகும், பிறகு மனிசருக்கும் கேளாது... அதுதான் கதையே! செய்யாதையுங்கோ எண்டு சொல்லத்தான் தொடங்கினனான்!

தம்பீ... லீலாதேவிக்கு ஒரு குளிசைக் காட் எண்டாலும் விட்டுவையும்!