இன்னும் கொஞ்சம் பின்னால்

உங்கள் ஊர்க் காப்பி நன்றாக இருக்கிறது. என் கணவர் ஏவர்ட்டிடம் இதைச் சொல்ல முடியாது. ஸ்பெயின் காப்பி என்றால் அவருக்குத் தார். காப்பித்தூள், உருளைக்கிழங்கு, ரொட்டியில் தூவிக்கொள்ளும் சாக்லேட் துகள் எல்லாவற்றையும் ஹாலந்திலிருந்தே பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினார். "தெரியாத ஊர்ல தெரிஞ்ச சாப்பாடு, அதுதான், கெர்தா, விடுமுறை" என்பார் என்னிடம். அந்த விடுமுறை தொடங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது.

வக்கீல் வரும்வரை பேச வேண்டாம் என்று மொழிபெயர்க்கும் இந்தப் பெண் சொல்லிவிட்டாள். நல்ல பெண். ஆனால் குறுக்கே பேசாமல் கேட்கிற ஆள் கிடைத்து வெகுநாளாகிறது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஏவர்ட் கெட்டவர் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கை நீட்டியதில்லை. குடித்துவிட்டுச் சத்தம் போட்டதில்லை. எங்கள் ஊரான ஸ்வொல்லாவில் பாதி ஊருக்கு அவர்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மற்ற ஆசிரியர்கள் கைவிட்டவர்கள்கூட அவரிடம் வந்து தேறினார்கள். எனக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம், "உனக்கு எதுக்கும்மா? நான்தான் இருக்கேனே" என்றார். அதையும் அன்பாகத்தான் சொன்னார்.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றோம். யோசனை அவருடையது, கையெழுத்து இருவருடையதும். வருடத்தில் பாதி, காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டியான கேரவனில் சுற்றுவோம், மீதிப் பாதிக்கு மகள் லீஸ்பெத் இருக்கும் ஊரில் சின்னதாக ஒரு வாடகை வீடு எடுப்போம் என்று பேச்சு. அந்த வாடகை வீடு வரவே இல்லை. குளிருக்குப் போர்ச்சுகல், வசந்தத்துக்குப் பிரான்சு, கோடைக்கு நார்வே, மறுபடி குளிருக்குப் போர்ச்சுகல். நான், அவர், எங்கள் நாய் மோஸ்.

கேரவனில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா? ஓர் ஆள் எழுந்தால் இன்னோர் ஆள் காலை மடக்கி உட்கார வேண்டும். கழிப்பறைக் கதவு அட்டை மாதிரி. அழ வேண்டுமென்றால், கேரவன்கள் வந்து தங்கும் முகாமின் பொதுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டும். அங்கும் பக்கத்து அறையிலிருந்து யாராவது, "எல்லாம் சரியா இருக்கா?" என்று ஜெர்மனில் கேட்பார்கள். ஒரு ஊரில் ரொட்டிக்கடைக்காரியின் பெயரைத் தெரிந்துகொண்டு, அவளும் என்னைப் பார்த்துத் தலையசைக்கத் தொடங்கும்போது ஏவர்ட் வரைபடத்தை விரிப்பார்.

சொல்லாமல் இருக்கவில்லை. போன வருடம், பிரான்சில் ஒரு ஆற்றங்கரையில், "எனக்கு வீட்டுக்குப் போகணும் ஏவர்ட்" என்றேன்.

அவர் மீனை வாட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். "எந்த வீட்டுக்கு?" என்றார்.

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். கேரவனைக் கையால் தட்டிக் காட்டி, "இதோ இருக்கே" என்றார்.

லீஸ்பெத்தைக் கூப்பிட்டேன்.

"அப்பா உன்ன அடிக்கிறாராம்மா?"

"இல்ல."

"வேற யார் கூடயாவது...?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல."

"அப்புறம் என்னதான் பிரச்சினை? இங்க நாங்க பத்து நாளா மழையில நனையிறோம். ரெண்டு பேரும் வேலைக்கு ஓடுறோம். நீ வெயில்ல காலை நீட்டிட்டு உக்காந்திருக்க. உன் இடத்துல இருக்க நான் என்ன வேணா கொடுப்பேன், தெரியுமா?"

"தெரியும்டா கண்ணு" என்று வைத்துவிட்டேன்.

ஆஸ்திரியாவில் கார் சாவியை ஏரியில் எறிந்தேன். ஏவர்ட்டிடம் இன்னொரு சாவி இருந்தது. பெல்டில் தைத்து வைத்திருந்தாராம், எனக்கே தெரியாது. அன்று மாலை முகாமில் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கதை சொன்னார். "மீனுக்கு வண்டி ஓட்ட ஆசையாம். நம்ம கெர்தா சாவியக் கொடுத்துட்டா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தோளில் கை போட்டு, "இவ இல்லாம என்னால ஒரு அடி நகர முடியாது" என்றார். அதுவும் உண்மைதான். பின்னால் நான் நின்று கை காட்டாமல் அவர் அந்தக் கேரவனை எந்த இடத்திலும் நிறுத்தியதில்லை.

இந்த மலைக்கு வந்தது மே மாதத்தில். இரண்டு நாள் தங்குவதாகத்தான் இருந்தது. வந்த அன்றே மோஸுக்குப் பின்கால்கள் வீங்கிவிட்டன. வயதான நாய், மூட்டுவலி. கீழே ஊரில் இருக்கும் கால்நடை மருத்துவர் மாத்திரை கொடுத்து, சரியாகும்வரை வண்டியில் அலைக்கழிக்க வேண்டாம் என்றார். ஏவர்ட் அவனைத் தன் மெத்தையில் படுக்க வைத்துவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டார். அப்படியும் ஒரு மனிதர்.

நாங்கள் தங்கினோம். ஒரே இடத்தில், ஒரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஒரே மலை. முகாமை நடத்தும் எர்மீனியா ஒரு தொட்டியில் தக்காளி நாற்று வைத்துக் கொடுத்தாள். அவளுக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவள் மொழி தெரியாது. பட்டாணி உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவள் ஏதோ சொல்வாள், நான் ஏதோ சொல்வேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக யாரோடும் பேசியதில்லை.

மோஸுக்குக் குணமாகிவிட்டது. ஒரு காலையில் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். ஏவர்ட் குழந்தை மாதிரி கைதட்டினார். "பாத்தியா? வாலிபன் ஆயிட்டான். வியாழக்கிழமை கிளம்பலாம்."

தக்காளி அப்போதுதான் பூ விட்டிருந்தது.

மாத்திரையை ரொட்டிக்குள் வைத்து நாய்க்குக் கொடுப்பது என் வேலை. அன்றிலிருந்து வெறும் ரொட்டியைக் கொடுத்தேன்.

நீங்கள் இப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். நான் அவனை அடிக்கவில்லை, விஷம் வைக்கவில்லை. ஒரு பொருளைக் கொடுக்காமல் இருந்தேன், அவ்வளவுதான். புதன்கிழமை அவனால் எழுந்திருக்க முடியவில்லை. வியாழக்கிழமை நாங்கள் கிளம்பவில்லை. கொஞ்சம் தேறட்டும் என்று தோன்றும் நாளில் மாத்திரை கொடுப்பேன். ஏவர்ட் வரைபடத்தை எடுத்தால் நிறுத்திவிடுவேன். கோடை முழுவதும் அப்படியே போனது. வலியில் அவன் முனகும்போது மடியில் போட்டுத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் நான்தான். அவனும் என் கையைத்தான் நக்கினான். எர்மீனியா பார்த்திருக்கிறாள், கேட்டுப் பாருங்கள். இவ்வளவு பாசமாக நாய் வளர்ப்பவளைப் பார்த்ததில்லை என்று சொல்வாள்.

தக்காளி காய்த்தது. பழுத்தது. எர்மீனியாவுக்கு ஒரு கூடை கொடுத்தேன்.

முந்தாநாள் மதியம் ஏவர்ட் கேரவன் படியில் உட்கார்ந்து அழுதார். நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம், அவர் அம்மா சாவுக்குக்கூட அப்படி அழவில்லை.

"என்னால பாக்க முடியல கெர்தா. மாத்திரையும் கேக்கல, ஒண்ணும் கேக்கல. இவன இப்படி இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கறது நம்ம சுயநலம். மருத்துவர்கிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலையில கிளம்பறோம். போற வழியில அவர் ஊசி போட்டுடுவாரு. தூங்கற மாதிரி போயிடுமாம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, போர்ச்சுகல்தான். இந்த இடத்தைப் பார்த்துக்கிட்டே எப்படி இருக்கறது? நகர்ந்துட்டா மனசு ஆறிடும்."

அந்த நேரம் நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மறுபடி ஒழுங்காக மாத்திரை கொடுத்திருப்பார், மோஸ் நடப்பான், நாங்கள் கிளம்புவோம். சொல்லாவிட்டால் மோஸ் சாவான், நாங்கள் கிளம்புவோம். எப்படிக் கணக்குப் போட்டாலும் கிளம்புவதில்தான் வந்து நின்றது. அந்தக் கணக்கையே இரவு முழுக்கப் போட்டுப் பார்த்தேன். வேறு விடை வரவில்லை. அவர் பக்கத்தில் நன்றாகத் தூங்கினார்.

நேற்றுக் காலை மழை விட்டிருந்தது. எங்கள் இடம் படிக்கட்டு வயல் மாதிரி மலைச்சரிவில் வெட்டிய தளத்தில் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் முதலில் பள்ளத்தின் பக்கமாகப் பின்னால் எடுத்து, பிறகு முன்னால் ஒடிக்க வேண்டும். விளிம்பில் தடுப்புக் கல் இருந்த இடத்தில் இரண்டு கற்கள் போன மழையிலேயே உருண்டுவிட்டன. எர்மீனியா அங்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தாள். ஏவர்ட் காரில் ஏறிய பிறகு அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதைத்தான் நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. கேரவன் பின்னால் இருப்பதால் அவருக்குப் பள்ளம் தெரியாது. ஓரக் கண்ணாடியில் என் கை மட்டும் தெரியும். உள்ளங்கையை என் பக்கம் அசைத்தால் வரலாம். விரித்துக் காட்டினால் நிற்க வேண்டும். "உன் கையத் தவிர வேற எதையும் நான் பாக்க மாட்டேன்" என்பார். மற்ற கணவர்கள் இறங்கி வந்து பார்ப்பார்கள், மனைவியிடம் கத்துவார்கள். அவர் ஒருநாளும் இறங்கியதில்லை.

நான் விளிம்புக்குப் பக்கத்தில், ஓரமாக நின்றேன். கையை என் பக்கம் அசைத்தேன். வண்டி வந்தது. ஜன்னலைத் திறந்து, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு. இன்னும் கொஞ்சம் பின்னால."

"சேறா இருக்கே, வழுக்கப் போகுது. பாத்து நில்லு கெர்தா."

"நான் பாத்துக்கறேன். நீ வா."

கேரவனின் சக்கரம் இறங்கியபோது பெரிய சத்தம் எதுவும் இல்லை. கேரவன் உட்கார்வது போலச் சாய்ந்தது, காரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது. அப்போது அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது என்று சொன்னால் உங்களுக்கு எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும். ஆனால் அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்வேன் என்று. என் கை இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

காரும் கேரவனும் பள்ளத்தில் விழுந்த சத்தம் கேட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். மழை, சேறு, வயதானவர், பாவம் என்றார்கள். எர்மீனியா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தீர்கள். கயிறு எங்கே என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

காரணம் கேட்டீர்கள். சொல்கிறேன். மோஸைக் கொல்ல அழைத்துப் போனார். பேச முடியாத ஒரு ஜீவன். அதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை. நான் தடுக்க வேண்டியிருந்தது. ஒரு தாய் செய்வதைத்தான் செய்தேன்.

மொழிபெயர்க்கும் பெண் ஏன் நிறுத்திவிட்டாள்? தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

ஆமாம். மோஸும் காரில்தான் இருந்தான். பின் சீட்டில், ஏவர்ட்டின் கம்பளிச் சட்டைமேல். அவனைத் தூக்கிக் கிடத்தியதே நான்தான். கழுத்துப் பட்டையைக் காரின் கொக்கியில் மாட்டியதும் நான்தான், வளைவுகளில் உருண்டுவிடக் கூடாதே என்று. கதவைச் சாத்தும்போது என் கையை நக்கினான். அவனை இறக்கிவிட நேரம் இருந்தது. மறக்கவும் இல்லை. நடக்க முடியாத நாயை லீஸ்பெத்தின் சின்ன வீட்டில் யார் வைத்துக்கொள்வார்கள்?

இருந்தாலும் இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். படித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நான் அதைச் செய்தது மோஸுக்காக மட்டும்தான்.