அன்னிக்கு மழையே பெய்யல

இல்லம்மா, அந்த மைக்க வெளிய எடுக்காத. பையிலயே இருக்கட்டும். பாட்டப் பத்திப் புதுசா ஒன்னு சொல்லணும்னு போன்ல சொன்னேன்தான், இல்லேங்கல. சொல்றேன். அதுக்கு மைக்கு வேண்டாம். ஏய் ஏய், அந்தச் சேர்ல ஒக்காராத, அதுக்கு ஒரு காலு ஆட்டம். இப்படி ஃபேனுக்குக் கீழ வா. சின்னாளபட்டியிலருந்து பஸ்ஸா? அப்ப நின்னுக்கிட்டேதான் வந்திருப்ப.

போட்டோவப் பாத்துட்டியா. ஆமா. எம் வீட்டுக்காரி சகாயராணிதான். தவக்காலத்துல போனா. ஒனக்குச் சொல்லலன்னு நெனைக்காத வினிதா, யாருக்குச் சொன்னோம் யாருக்கு விட்டோம்னு எனக்கே தெரியல. எம் மக கிளாராதான் போனும் கையுமா இருந்தா. நல்லாத்தான்மா இருந்தா. சக்கர இருந்துச்சு, மாத்திர போடுவா. காலப் பூசைக்குப் போயிட்டு வந்து, நெஞ்சக் கரிக்குதுன்னு அந்த முக்குல ஒக்காந்தா. அம்புட்டுதான். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்புடப் போன பய திரும்பி வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

சரி விடு. நீ போன தடவ ரேடியோவுக்குப் பேட்டி எடுக்க வந்தப்ப கேட்ட மொதக் கேள்வி ஞாபகம் இருக்கா? இந்தப் பாட்டு எப்படி ஐயா பொறந்துச்சுன்னு. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. வாழ்நாள் பூராம் கல்யாணக் கச்சேரில ஆர்மோனியப் பொட்டி வாசிச்சவன் நான். ஞாயித்துக்கிழமையானா கோயில்லயும் அதான். மெட்டு எத்தனையோ போட்டிருக்கேன், சனம் வச்சுக்கிட்டது ஒன்னே ஒன்னு. கதவு திறந்தே இருக்கு, களைத்தவனே வா. இந்தச் சுத்துப்பட்டுல நம்ம கிறிஸ்தவ வேதக்காரவுக வீட்டுல எழவு விழுந்தா அதப் பாடாமச் சவப்பொட்டி குழில எறங்காது. பாடுறவுகளுக்கு சூசைமுத்துங்குற எம் பேரு தெரியாது. ஆனா கதை தெரியும்.

ஒனக்குச் சொன்ன அதே கதைதான். பண்ணைக்காட்டுல ஒரு கல்யாணக் கச்சேரி. முடிச்சுட்டு மலையெறங்குனோம். வேன்காரன் என்னைய கொடைரோட்டுல எறக்கிவிட்டுட்டு மதுரைக்குப் போயிட்டான். திண்டுக்கல் பஸ்ஸக் காணோம். மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. ஆர்மோனியத்தத் துண்டால மூடித் தலைல வச்சுக்கிட்டு நடக்குறேன். ஒரு வீடு. கதவு விரியத் தெறந்து கெடக்கு, உள்ள வெளக்கு எரியுது. ஒரு பெரியவரு, யாரு எவருன்னு ஒரு வார்த்த கேக்கல, உள்ள வாப்பான்னாரு. வாசப்படில கால வைக்கும்போதே பல்லவி வந்துருச்சு.

இதச் சொல்லும்போதெல்லாம் அடுப்படிலருந்து சகாயராணி கொரல் வரும். மழையாவது மண்ணாவதுன்னு. நீயுந்தான் கேட்டியே.

அவ சொல்றது வேற. மழை இல்லையாம், உச்சி வெயிலாம். கதவு தெறந்து கெடக்கலையாம், அவதான் உள்ள தாப்பாப் போட்டுட்டு ஒக்காந்திருந்தாளாம். கச்சேரிக்குப் போன மனுசன் சொன்ன நாளுக்கு வரல, தகவலும் இல்ல, அப்ப ஏது போனு? நான் வந்து சேந்தது ஒரு மத்தியானமாம். எதுத்தாப்புல கொழாயடி. குடத்த இடுப்புல வச்சுக்கிட்டு அம்புட்டுப் பொம்பளைகளும் என்னையத்தான் பாக்குறாளுக. கதவத் தட்டுனா மானம் போயிரும். அதனால பாட்டுப் பழகுற மாதிரி பொட்டிய வாசல்ல எறக்கி வச்சுட்டு, சன்னமா ராகம் போட்டு, கதவைத் தெற, களைச்சு வந்திருக்கேன்னு பாடுனேனாம். கொழாயடியே தண்ணி புடிக்க மறந்து நின்னுச்சாம். சிரிப்பு தாங்காமத்தான் தாப்பாள எடுத்தேன், அதுதான் பாட்டு, மழைய இவரு பெறகு ஊத்திக்கிட்டாரும்பா.

சிரிக்கிற பாத்தியா. எல்லாரும் சிரிப்பாங்க. ஆனா இதக் கோயில் வெள்ளிவிழா மேடைல சொல்ல முடியுமா? எழவு வீட்டுல சொல்ல முடியுமா? ஆனா வினிதா, நான் மேடைக்காகக் கட்டி விட்டதில்ல அந்த மழை. சத்தியமா எனக்குத் தெரியுது. துண்டு நனைஞ்சு மூஞ்சில ஒட்டுனது, பொட்டிக்குள்ளருந்து ஈர மரத்து வாடை கெளம்புனது, எல்லாம் தெரியுது. நடக்காததுக்கு வாடை இருக்குமா, நீயே சொல்லு.

ஒரு தடவ ரோசம் வந்து, வாடி, அந்த வீட்டையே காட்டுறேன்னு பஸ்ஸேத்திக் கூட்டிட்டுப் போனேன். அம்மையநாயக்கனூர் தாண்டி நடக்கவும், அந்தா இருக்கு பாருன்னு கையக் காட்டிட்டேன். அதே வாசல், அதே படி. அங்கம்மாள்னு ஒரு பொம்பள வெளிய வந்துச்சு. வெவரத்தச் சொன்னேன். அது எங்க ரெண்டு பேரையும் ஒரு மாதிரியாப் பாத்துட்டு, நாங்க வீடு கட்டியே கொஞ்ச வருசந்தான் ஆகுது, அதுக்கு முந்தி இது எங்க மாமனாரு கடல போட்ட காடுன்னுருச்சு. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. போச்சு, இவ இனி ஊருபூராம் சொல்லிச் சிரிக்கப் போறான்னு பாத்தா, இல்ல. தண்ணி வாங்கிக் குடிச்சா, அந்தப் பொம்பளைட்ட பிள்ளைக என்ன படிக்குதுன்னு கேட்டா. திரும்பி வரும்போது என்னைய ஜன்னலோரம் ஒக்கார வச்சுட்டு, வேற வீடா இருக்கும்ங்க, இந்த ரோட்டுலதான் எத்தன வீடுன்னா.

அவ அம்புட்டு நல்லவளாக்கும்னு நெனச்சிராத. மறுவாரமே ஒரு வாத்தியாரு வந்து பாட்டப் பத்திக் கேக்கவும், மழையாவது மண்ணாவதுன்னு ஆரம்பிச்சுட்டா.

அவ சொன்னதுலயும் ஓட்டை இருந்துச்சும்மா. அன்னிக்குக் கிளாரா தொட்டில்ல கெடந்து அழுதாம்பா. பாட்டு கேசட்டாகி ஊரெல்லாம் பாடுனதுக்குப் பெறகுதான் கிளாராவே பொறந்தா. புடிச்சுட்டேன். ஞானஸ்நானச் சீட்ட எடுத்து நீட்டிட்டேன். அப்பறம் எங்கிட்டப் பேச்சே இல்ல. ஒருநா சோறு போட்டுக்கிட்டே, அப்ப அழுதது பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மா பிள்ளையா இருக்கும்ங்கறா. எப்படி! எனக்கு வீடு மாறுச்சு, அவளுக்குப் பிள்ள மாறுச்சு.

அப்பவே எனக்கு ஒரு நெனப்பு வந்துச்சு. ரெண்டு பேருமே பொய் சொல்லல. ஆனா ரெண்டுமே நடக்காமக்கூட இருந்திருக்கலாம். சும்மா ஒருநா ஆர்மோனியத்த வச்சுக்கிட்டு ஒக்காந்தப்ப வெரல் போன போக்குல வந்திருக்கும். அத வெளிய சொன்னா யாரு கேப்பா? கேக்குறவுகளுக்கு ஒரு கதவு வேணும், ஒரு ஆளு வேணும். நமக்கும் வேணும். ஆனா அதுக்காக நான் கவலப்பட்டதில்லம்மா. ஆளுக்கொரு பக்கம் கயித்தப் புடிச்சு இழுத்தா கயிறு வெறப்பா நிக்கும்ல, அப்படி நின்னுச்சு அந்தக் கதை. ரொம்ப அங்கிட்டும் போகாது, இங்கிட்டும் போகாது.

அடக்கத்தன்னிக்கு அந்தப் பாட்டத்தான் பாடுனாங்க. வேறென்ன பாடுவாங்க. பிரசங்கத்துல சாமியாரு மழைக் கதைய எடுத்தாரு. நான் சவப்பொட்டிக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கேன். நனைஞ்சு நடந்து வந்தாருன்னு அவரு சொல்லவும் எங் காது தன்னால பொட்டிப் பக்கம் போயிருச்சு. அவ சத்தம் வரும்னு இல்ல. பழக்கம்.

முப்பதாம் நாள் பூசைல மைக்க எங்கைல குடுத்துட்டாங்க. கதைய ஆரம்பிச்சேன். மழைங்குற எடத்துல நான் எப்பவும் ஒரு மூச்சு நிறுத்துவேன், அவ குறுக்க வாரதுக்குன்னே. நிறுத்துனேன். சனம் நான் அழுகுறேன்னு நெனச்சுக்கிச்சு. மேல சொல்லுறேன், சொல்லுறேன், மழை பெருசாகுது. இடி விழுகுது. ஓடைல வெள்ளம் வருது, பாலம் முங்குது. கடைசில அந்தப் பெரியவரு தண்ணி மோந்து எங் காலக் கழுவிவிட்டாருன்னு சொல்லிட்டேன்மா! சேசுவே, அத எங்கருந்து எடுத்தேன்னு எனக்கே தெரியல. மொத வரிசைல பொம்பளைக முந்தானைல கண்ணத் தொடைக்கிறாளுக. ஒருத்தரும் நிறுத்தல. வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டும்போதுதான் திக்குன்னுச்சு. இனி எம்புட்டு வேணாலும் பெய்யும் போலருக்கே, கேக்க ஆளில்லையேன்னு.

மறுநாளே பாடற்குழு நடத்துற அமலனக் கூப்புட்டு, ஏப்பா, அது மழையில்ல, வெயிலு, கதவு சாத்தித்தான் கெடந்துச்சுன்னு அவ சொன்னதச் சொன்னேன். அவன் எந் தோளத் தட்டிக் குடுத்து, ஐயா, அம்மா போன துக்கத்துல பேசுறீங்க, மழையே இருக்கட்டும்யாங்கறான். சாமியாருட்டயும் சொன்னேன். ரெண்டும் அழகாத்தான் இருக்குன்னாரு. அழகையா நான் கேட்டேன்?

இரு, மின்னலா... இல்ல, பக்கத்து வீட்டுல வெல்டிங் ஓட்டுறான்.

இப்பக் கொஞ்ச நாளா அந்த வெயிலும் எனக்குத் தெரியுதும்மா. ஒம்மேல ஆணையா. காலு சுடுது, மாத்தி மாத்தி நிக்கிறேன். கதவுக்கு அடில இருக்க சந்துல அவ நெழலு அங்கிட்டும் இங்கிட்டும் போகுது. எங் கண்ணால பாத்தது வருதா, அவ சொல்லிச் சொல்லிக் காதுல விழுந்தது வருதான்னு புரிபடல. ஆனா தாப்பா எடுக்குற சத்தத்தோட நின்னுபோகுது. அதுக்கு மேல வரல.

கதவத் தெறந்ததும் அவ ஒன்னு சொன்னாளாம். எப்பவும் அதச் சொல்லித்தான் முடிப்பா. அதுக்குத்தான் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அது எனக்கு வரமாட்டேங்குது வினிதா. எத்தன தடவ சொல்லியிருப்பா! அந்த எடம் வரும்போதெல்லாம் நான், போதும் போடின்னுட்டு எந்திரிச்சுப் போயிருப்பேன், இல்ல, இவளுக்கு அடுத்து என்ன பதில் குடுக்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்திருப்பேன். கிளாராட்டக் கேட்டேன். சிரிப்பா இருக்கும்ப்பா, அதுதான் ஞாபகம் இருக்குங்கறா. இஞ்ஞாசியம்மாளும் போய்ச் சேந்துட்டா.

கொரலாவது எதுலயாவது இருக்கான்னு தேடுனேன். போன்ல பதிஞ்சு அனுப்புற பழக்கமெல்லாம் அவளுக்கு இல்ல. கிளாரா கல்யாண வீடியோவப் போட்டுப் பாத்தோம். நெறைய எடத்துல வாரா. பந்தில நின்னு பேசுறா, சம்பந்தியம்மாளோட பேசுறா, என்னையக் கூட ஏதோ வையிறா. ஆனா வீடியோக்காரன் சத்தத்துக்கு முழுக்க நம்ம கச்சேரியத்தான் மேல போட்டு வச்சிருக்கான். அவ வாயி அசையுது, கேக்குறது எங் கீபோர்டு.

அப்பத்தான் ஒன் நெனப்பு வந்துச்சு. அன்னிக்கு நீ பேட்டி எடுத்தப்ப அவ கரண்டியோட வந்து அந்தக் கதவு நெலைல சாஞ்சுக்கிட்டு முழுக் கதையும் சொன்னாள்ல. நான் வழக்கம்போல எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயிட்டேன். ரேடியோவுல வந்தப்ப அது இல்ல. அவதான் நீ கெளம்பும்போது ஒங் கையப் புடிச்சுக்கிட்டு, எங் கொரல எடுத்துரு தாயி, கேக்க நல்லாருக்காது, அவரு பேசுனது போதும்னா. நீயும் சொன்னபடி எடுத்துட்ட. அந்த வெட்டி எடுத்த துண்டு இருக்குமாம்மா? அதுக்குத்தான் ஒன்ன வரச் சொன்னேன்.

என்ன, கம்ப்யூட்டர மாத்திட்டாங்களா?

பழசு எல்லாமேயா?

சரி. சரிம்மா. எடம் பத்தலன்னா அழிக்கத்தான செய்வாங்க. நீ என்ன பண்ணுவ, ஒனக்கு என்ன தெரியும் இப்படி ஆகும்னு. அட, நீ எதுக்கு அழுகுற? கண்ணத் தொட. தண்ணியக் குடி மொதல்ல.

மிஷின் கெடக்கட்டும். நீ இருந்தீல்ல. காதுல பெருசா அந்த ஹெட்போன மாட்டிக்கிட்டு, இதே எடத்துலதான ஒக்காந்திருந்த. அவ சொல்லி முடிக்கவும் நீ சிரிச்ச சிரிப்பு கொல்லை வரைக்கும் கேட்டுச்சு. கதவத் தெறந்ததும் என்ன சொன்னேன்னு அவ சொன்னா?

அவசரமில்ல. நீ யோசி, நான் டீயப் போட்டு எடுத்துட்டு வாரேன். வார்த்தைக்கு வார்த்த வேண்டாம்மா, ஏறக்கொறைய இருந்தாப் போதும். சரியா ஞாபகம் இல்லேன்னா, இப்படித்தான் சொல்லியிருப்பாங்கன்னு ஒனக்குத் தோணுறதச் சொல்லு. நான் அதையே வச்சுக்கிறேன்.