ஏழு ரொட்டியும் இரண்டு பெயரும்

எண்ணெய் புகைய ஆரம்பித்த பிறகு மாவைப் போட்டால் ரொட்டி வெளியே கருகும், உள்ளே வேகாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வெள்ளிக்கிழமை ஆனது. எங்கள் காரகோல் ஊரில் இறந்தவர்களுக்காக வெள்ளிதோறும் ஏழு ரொட்டி பொரிப்போம். அந்த வாசனைதான் அவர்களுக்குச் சாப்பாடு. நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். படித்தவன். இதை நம்புவதில்லை. அய்பிகே நம்பினாள். ஒன்பது வயது.

அவள் என் மனைவி ஜிபாரின் மகள். பெற்றவன் அவள் பிறக்கும் முன்பே விட்டுவிட்டு ஓடிவிட்டான். அடுத்து வந்தவன் தொக்தோசுன், லாரி ஓட்டுகிறவன். ஆறு வருடம் அவளை வளர்த்தான். ஜிபார் அவனை விவாகரத்து செய்தபோது நீதிமன்றம் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தது. பெற்றவனுமில்லை, புருஷனுமில்லை. ஆனாலும் ஞாயிறு பத்து மணியிலிருந்து நாலு மணிவரை அப்பா. நீதிபதிகளுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

நான் மூன்றாவதாக வந்தவன்.

ஞாயிறு பத்து மணிக்கு வாசலில் தொக்தோசுனின் ஹாரன் கேட்கும். டீசல் நாறும் சட்டை, கையில் ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை. ஒருநாள் என் எதிரிலேயே அய்பிகேயின் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

“என்ன தம்பி, காலேஜெல்லாம் படிச்சிருக்கீங்க. ஒரு பக்கம் ஆட்டு வாலு, ஒரு பக்கம் குதிரை வாலா பின்னி விட்டிருக்கீங்களே.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் என் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து, தடித்த விரல்களால் அவிழ்த்துப் பின்னிவிட்டான். அவனை அவள் அப்பா என்பாள். என்னை, தெருவில் போகிற யாரையும் அழைப்பதுபோல, அண்ணே என்பாள்.

அக்டோபரில் அவன் குளிர்காலம் முழுக்க லாரி ஓட்ட ரஷ்யாவுக்குப் போனான். நவம்பரில் ஜிபார் இறந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். முப்பத்தொரு வயது. அவனுக்கு நான் சொல்லியனுப்பவில்லை. அவளுடைய கைபேசியை அணைத்து அலமாரியில் வைத்தேன்.

டிசம்பரில் ஒரு மாலை, சூப்பைக் குடித்துக்கொண்டே அய்பிகே கேட்டாள்:

“அண்ணே, அப்பா வந்ததும் நான் அவர்கூடப் போயிடட்டா?”

மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குக் கோபமும் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மாவு பிசையும்போது சொன்னேன்: பனியில் லாரி கவிழ்ந்துவிட்டது, அங்கேயே புதைத்துவிட்டார்கள். குளிர்காலத்தில் எங்கள் தெருவுக்கு ரஷ்யாவிலிருந்து இப்படி ஒரு செய்தியாவது வரும். யாரும் அத்தாட்சி கேட்பதில்லை.

அவள் மாவை ஏழு உருண்டையாகப் பிரித்து வைத்தாள். பிறகு, “அவருக்கும் தனியா ஏழு போடணுமா?” என்றாள். ஏழே இருவருக்கும் போதும் என்றேன். அன்றிலிருந்து பிரார்த்தனையில் இரண்டு பெயர் சொன்னாள்.

ரொட்டியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பது வழக்கம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என்று சொல்லி அவள் நீட்டினாள். எதிர்வீட்டு சைராகுல் அக்கா பெற்றவனைத்தான் நினைத்துக்கொண்டாள். “அவனும் போயிட்டானா? இருந்து மட்டும் என்னத்தக் கிழிச்சான்” என்றபடி உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிப் பிரார்த்தனையை முடித்து, ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டாள். சாவு ரொட்டி கொண்டுவரும் பிள்ளையிடம் எந்த அப்பா என்று யாரும் கேட்பதில்லை. இப்படி இருபது வெள்ளிக்கிழமை, உயிரோடிருக்கும் ஒருவனுக்காகத் தெருவே பிரார்த்தனை செய்தது.

இன்னொன்றும் சொல்லிவைத்திருந்தேன். இறந்தவர்கள் சிலசமயம் பழைய குரலிலேயே பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பதில் சொன்னால் கூட்டிப்போய்விடுவார்கள் என்று. அவன் எப்படியாவது தொலைபேசியில் அவளைப் பிடித்துவிடுவான் என்ற கவலை எனக்கு இருந்தது.

மே மாதம் அவன் திரும்பிவந்தான். அவள் பள்ளிக்குப் போயிருந்தாள். உன்னைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினேன். பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி வழக்குப் போட்டான். அவளுக்கு அப்போது பத்து வயது முடிந்திருந்தது. பத்து முடிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கேட்டாக வேண்டும். தனி அறையில்தான் கேட்பார்கள் என்றார்கள். அதனால் தைரியமாகக் கூட்டிப்போனேன்.

அவன் நடைகூடத்திலேயே எதிரில் வந்துவிட்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“அய்பி. கண்ணு. அப்பா வந்திருக்கேன்டா.”

அவள் பதில் சொல்லவில்லை. காதுகளைப் பொத்திக்கொண்டாள். காலுறை நனைந்து, தரையில் ஈரம் பரவியது. பிறகு நீதிபதியம்மா அவளிடம் குனிந்து என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்பது உங்கள் விசாரணைக் கோப்பிலேயே இருக்கிறது.

எல்லாம் நான் செய்ததுதான். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் அந்த நடைகூடத்தில் அவனும் நானும் இரண்டு பேரும் நின்றோம். யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவளாகத்தான் என் முதுகுக்குப் பின்னால் வந்து, என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் விருப்பம் என்று சட்டம் சொல்வது அதைத்தானே. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.