காதாட்டிய பாறை

வெயிலம்மாள்: ஏட்டி ஆவுட, நில்லு. அந்தப் பாறை அசைஞ்சுது.

ஆவுடைத்தாய்: பாறை எங்கயாவது அசையுமா? வெயிலு கண்ணெக் கூசுது ஒனக்கு.

வெயிலம்மாள்: வெயிலா? முண்டந்துறையில பஸ்ஸெ விட்டு எறங்குனதுல இருந்து சாரல்தான்... இந்தா, காதெ ஆட்டுது. ஆனைட்டி.

ஆவுடைத்தாய்: மெதுவாப் பேசு. சின்ன ஆனைதான்.

வெயிலம்மாள்: சின்னதா? நம்ம தீப்பெட்டி ஆபீஸ் ஒசரத்துக்கு நிக்குது.

ஆவுடைத்தாய்: ஆத்துக்கு அந்தப் பக்கம்லா நிக்குது. அது பாட்டுக்கு மூங்கிலெத் திங்கும்... பயமா இருக்கா?

வெயிலம்மாள்: நீ எதுக்கு என் கையெ இந்தப் பிடி பிடிக்கே?

ஆவுடைத்தாய்: நீ ஓடிரக் கூடாதுல்லா.

வெயிலம்மாள்: கால்ல என்னமோ கறுப்பா...

ஆவுடைத்தாய்: பாக்காத.

வெயிலம்மாள்: அட்டை. நல்லாக் குடிச்சிருக்கு.

ஆவுடைத்தாய்: துளிதான் குடிக்கும், பாவம். இந்தா உப்பு, தேயி. விழுந்துரும்.

வெயிலம்மாள்: உப்பெல்லாம் முடிஞ்சுக்கிட்டு வந்திருக்கா பாரு... மரத்துல என்னது, வாலு தொங்குது?

ஆவுடைத்தாய்: கருமந்தி.

வெயிலம்மாள்: நம்ம கணக்கப்பிள்ளை மாதிரியே மொறைக்குது.

ஆவுடைத்தாய்: சிரிக்க வைக்காத, ஆனைக்குக் கேட்டுரும்.

வெயிலம்மாள்: எம்புட்டுப் பச்சை... நம்ம கரிசல்ல வீடு வீடா மழைக்கஞ்சி எடுத்துக் கும்புட்டாலும் பெய்ய மாட்டேங்குது. இங்கன கேக்காமயே ஊத்துது.

ஆவுடைத்தாய்: அப்பம் புடிச்சிருக்கா?

வெயிலம்மாள்: காலையில இருந்து இதையே கேக்கே.

ஆவுடைத்தாய்: சும்மாதான்... புலி உறுமுனா?

வெயிலம்மாள்: உறுமுமா?

ஆவுடைத்தாய்: எப்பமாவது, தூரத்துல. அதெக் கேட்டுத்தான் அந்தக் கயத்தாத்துப் பொண்ணு அடுத்த பஸ்ஸுலயே...

வெயிலம்மாள்: எந்தப் பொண்ணு?

ஆவுடைத்தாய்: அது... தெரிஞ்ச பொண்ணு.

வெயிலம்மாள்: ஒங்க அண்ணன் செண்பகராஜுக்குப் பாத்த பொண்ணா? சொல்லுட்டி.

ஆவுடைத்தாய்: ஆமா. அவன் இங்கன காட்டுக் காவல் வாட்சர் வேலையெ விட மாட்டேங்கான். கரண்டு கெடையாது, டிரான்சிஸ்டரு ஒண்ணுதான் தொணை. வார பொண்ணெல்லாம் காட்டெப் பாத்ததும் ஓடிருதுக. நீ அவனெக் கட்டி எனக்கு மதினியா வரணும்னு ஆசை. அதான், சும்மா சுத்திப் பாக்கலாம்னு பொய் சொல்லிக் கூட்டியாந்தேன். காடு புடிச்சாக் கேக்கலாம்னு... கோவிச்சுக்கிட்டியா?

வெயிலம்மாள்: ஒங்க அம்மை வியாழக்கெழமையே வீட்டுக்கு வந்து பொண்ணு கேட்டாச்சு. நானும் சரின்னுட்டேன். ஒங்கிட்டச் சொல்ல வேண்டாம், நீ எப்படித்தான் கேக்கேன்னு பாப்போம்னு சொன்னதே நாந்தான்.