ஒன்பதாம் லயத்துக்கு மேலே இருந்த காடு

டேலியாவுக்குத் தண்ணீர் அளவாகத்தான் ஊற்ற வேண்டும், மாஸ்டர். நம் ஆட்கள் இலை கொஞ்சம் வாடினால் போதும், வாளியோடு வந்து நிற்பார்கள். மேலே செடி செழிப்பாகத்தான் தெரியும். கீழே கிழங்கு அழுகிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூட வாசலில் நீங்கள் வைத்திருப்பதில் நாலு செடி அப்படித்தான் போகப்போகிறது. காட்டிலிருந்து மக்கிய இலைமண் ஒரு சாக்கு தருகிறேன், போட்டுப் பாருங்கள்.

மரம் நடும் விழாவில், காட்டினால் வரும் நன்மைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நான் பேச வேண்டும் என்றீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கனகலிங்கம் மாஸ்டர், முப்பது வருஷமாகக் காட்டு வாச்சராக இருக்கும் இந்தச் சின்னத்தம்பியை மேடையேற்ற நினைத்தது பெரிய மனசு. ஆனால் எனக்கு அலுத்துவிட்டது. மாலையை வாங்கிக்கொண்டு நிற்கத் தெம்பில்லை. ஏனென்று சொல்லிவிடுகிறேன். பிறகு யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், ஐம்பத்தைந்தில், ஆட்கள் குடியிருக்கும் ஒன்பதாம் லயத்துக்கு மேலே இருந்த காட்டை வெட்டித் தேயிலை போடத் தோட்டத்துத் துரை முடிவெடுத்தார். தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களா வாசலில் நின்று சொன்னேன். மரத்து வேர்தான் அந்தச் சரிவைப் பிடித்து வைத்திருக்கிறது, மூன்று லயத்துக் குடிதண்ணீர் அந்தக் காட்டு ஊற்றிலிருந்துதான் வருகிறது என்றேன். துரை சிரித்தார். பக்கத்தில் நின்ற, மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா, "ஏன்டா சின்னத்தம்பி, காடு என்ன ஒனக்குச் சீதனமா வந்துச்சா?" என்று கேட்டார். லயத்து ஆட்களோ விறகு கிடைக்கும், புது மலையில் வேலை கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டார்கள். சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

காது கொடுத்துக் கேட்டவள் ஒருத்திதான். ஒன்பதாம் லயத்தில் கடைசி அறையில் இருந்த வீரம்மா. அழகனின் பெண்சாதி, கொழுந்து எடுக்கிறவள். பங்களாவில் கழித்துப்போட்ட டேலியாக் கிழங்குகளை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். வாசலில் இருந்த முழ இடத்தில் அவள் பூக்க வைத்ததைப் போல் துரைசாணியின் தோட்டத்தில்கூடப் பூத்ததில்லை. பச்சை மரத்தில் கை வைக்கமாட்டாள். விழுந்து கிடக்கும் சுள்ளியைத்தான் பொறுக்குவாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், மாஸ்டர். கூடப் பிறந்தவளைப் போல.

ஆடி பிறந்ததும் வெட்டு தொடங்குவதாக இருந்தது. ஆனியில் மழை பிடித்தது. நான் சொல்லிக் கேட்காதவர்களுக்கு மண்ணே சொல்லட்டும் என்று தோன்றியது. அதற்கு மூன்று வாரம் ஆயிற்று. லயத்துக்கு நேர் மேலே நின்ற பதினாலு மரங்களின் வேர்களை அறுத்து, தெரியாமல் மண்ணால் மூடினேன். ஒவ்வொரு மரத்தையும் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மழைத்தண்ணீரை ஆற்றுக்குக் கொண்டுபோகும் கானைக் காட்டுக்குள்ளேயே மறித்துக் குளம்போலத் தேக்கினேன். சரிவுப் பக்கம் கரையை வெட்டிவிட்டால் போதும்.

யாருக்கும் ஆபத்து வராதபடிதான் யோசித்து வைத்திருந்தேன். விடிந்ததும் ஆட்களைப் பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடிப்பார்கள், உங்களுக்கே தெரியும். அடித்து ஒரு மணி நேரத்தில் எல்லோரும் மலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகளும் ஆயா பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விடும். வெறும் லயத்தின்மேல் மண் விழுந்தால் நாலு சுவர் போகும், அவ்வளவுதான்.

முந்தின நாள் வீரம்மா என்னைத் தேடி வந்தாள். அழகன் நானுஓயாவுக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தான்.

"அண்ணே, பின்செவுத்துல தண்ணி கசியுது. இந்த மழைக்கும் கான்ல சொட்டுத் தண்ணி ஓடல. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மேல் லயத்துக்குப் போயிரவா?"

"ஒண்ணும் ஆவாது தாயி. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். நீ போயி வேலையப் பாரு."

"நீங்க சொன்னாச் சரிதாண்ணே" என்று போய்விட்டாள். அவள் சாமான்களைத் தூக்கினால் லயமே தூக்கும். கானில் ஏன் தண்ணீர் இல்லை என்று பார்க்கக் கங்காணி மேலே ஏறிவிடுவான். என்னால் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் காலையில் கரையை வெட்டினேன். கடைசி நாலு அறைகள் போயின. வீரம்மா, அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள், அடுத்த அறையில் மூக்கனும் அவன் மனைவியும். ஐந்து பேர்.

மரம் நிற்கும்போதே இப்படியென்றால் வெட்டினால் என்ன ஆகுமோ என்று பயந்து, துரை காட்டை வெட்டும் பேச்சை விட்டார். அன்றிலிருந்து பச்சைக் குச்சியை ஒடிக்க ஆளில்லை. ஊற்றும் சித்திரை வெயிலில்கூட வற்றுவதில்லை. வருஷாவருஷம் முதல் டேலியாவைப் பறித்துக்கொண்டு அழகன் என்னிடம் வருகிறான். "நீங்க அப்பவே சொன்னீங்கண்ணே, நாங்கதான் கேக்காமப் போயிட்டோம்" என்று அழுகிறான். பூவை வாங்கிக்கொள்கிறேன். அந்தப் பூவை வாங்கி வாங்கித்தான் எனக்கு அலுத்துப்போயிற்று.

எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன் என்று சொல்லி அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் உங்களிடம் வந்தேன். அப்படியே ஏழு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன். அது பொய். அன்று மழை கொட்டியதால் பெரட்டு இல்லை. தப்பு அடிக்கவில்லை. மண்வெட்டியோடு கரையில் குந்தி நெடுநேரம் காத்திருந்தேன், அடிக்கவேயில்லை. லயத்துக் கூரைகளிலெல்லாம் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கடைசி அறையிலும் எழும்பியது. அப்படி ஒரு மழை ஆடிக்குள் திரும்ப வருமா என்று சொல்ல முடியாது. அதனால் வெட்டினேன்.

பிள்ளைகளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம், மாஸ்டர். காட்டினால் வரும் நன்மைகளை மட்டும் சொல்லுங்கள். வீரம்மா இருந்திருந்தால் அவளும் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் ஒருத்திக்குத்தான் நான் சொல்வது புரியும்.