மைலியின் கேரவனோடு எரிந்த தாள்

மைலி, மைலிக் கண்ணு, உன்னப் பத்தி போலீஸ்ல ஒக்காந்து சொல்லிக்கிட்டு இருக்கேன். கோவிச்சுக்காத.

இதை முதலில் எழுதுங்கள் என்றேன். பெயரும் வயதும்தான் முதலில் வரும் என்றார் சார்ஜன்ட் டெவானி. இதை எழுதினால்தான் மற்றதைச் சொல்வேன் என்றேன். எழுதிவிட்டார்.

என் பெயர் வினிஃப்ரெட் மோங்கன். வின்னி என்று கூப்பிடுவார்கள். ஞானஸ்நானப் பதிவின்படி வயது ஐம்பத்தெட்டு. பிறந்ததும் மோங்கன் குடும்பம், கட்டிக்கொண்டதும் மோங்கன்தான். என் வீட்டுக்காரர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அயர்லாந்து, மேயோ மாவட்டம், கில்ரோவன் ஊருக்கு வெளியே, வண்டியையே வீடாக வைத்து ஊர் ஊராகப் போகிற எங்கள் வண்டிச் சனத்துக்கு நகராட்சி ஒதுக்கிய திடலில் நான்காம் இடத்தில் கேரவன் போட்டு இருக்கிறேன். ஐந்தாம் இடத்தில் என் தம்பி மைல்ஸ் மோங்கன், நான் மைலி என்று கூப்பிடுகிறவன், இருந்தான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல சார்ஜன்ட் எழுதுகிறார். பேச வேண்டிய கட்டாயம் இல்லை, பேசினால் அது எனக்கே எதிராக வரலாம் என்று முதலிலேயே சொன்னார். புரிந்தது என்று சொன்னேன்.

போன பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஐந்தாம் இடத்திலிருந்த கேரவனுக்குத் தீ வைத்தது நான்தான். யாரும் துணைக்கு வரவில்லை. நான் குடித்திருக்கவில்லை. அதன் பிறகு, ஏன் என்று வரிசையாகச் சொல்லுங்கள் என்றார் சார்ஜன்ட். வரிசை என்றால் ஐம்பத்தேழாம் வருடத்திலிருந்து சொல்ல வேண்டும் என்றேன். கேரவனிலிருந்தே தொடங்கலாமே என்றார். ஐம்பத்தேழு இல்லாமல் கேரவன் இல்லை என்றேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு அக்டோபரில் நாங்கள் சதுப்பு நிலத்து ரோட்டோரம் வண்டியை நிறுத்தியிருந்தோம். அப்பா பீட்ரூட் அறுவடை வேலைக்கு இங்கிலாந்து போயிருந்தார். அம்மா வீடு வீடாகத் தகரக் குவளை விற்றாள். எனக்கு ஒன்பது வயது, மைலிக்கு ஏழு. அம்மா உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தபோது கறுப்புக் காரில் ஒரு அதிகாரியும் ஒரு போலீஸ்காரரும் வந்து, பிள்ளைகள் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டார்கள். “நாலு நாளைக்கு ஒரு ஊர்லேர்ந்து வெரட்டுறீங்க. எந்த ஸ்கூல்ல சேத்துக்குவாங்கன்னு சொல்லுங்கய்யா, நாளைக்கே கொண்டாந்து விடுறேன்” என்றாள் அம்மா. அதன் பிறகு வியாழக்கிழமை கோர்ட்டுக்கு வரச் சொன்னார்கள். அங்கே நீதிபதி, இந்தப் பையனுக்கு நிலையான வீடும் கிடையாது, தகுதியான காப்பாளரும் கிடையாது என்று எழுதி, பதினாறு வயது வரை, பிரதர் என்று அழைக்கப்படும் துறவிகள் நடத்திய கார்ரிக்பெக் தொழிற்பள்ளியில் வைக்க உத்தரவு போட்டார். தகுதியான காப்பாளர் இல்லை என்று அவர் வாசித்தபோது அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நின்றாள். பெண் பிள்ளைகளுக்கான இல்லத்தில் அந்த வாரம் இடம் இல்லை. அதனால் என்னை விட்டுவிட்டார்கள்.

அம்மா இரண்டு தடவை பத்தொன்பது மைல் நடந்து கார்ரிக்பெக் போனாள். முதல் தடவை, பார்க்கிற நாள் மாதத்தின் முதல் ஞாயிறு என்று கதவைச் சாத்தினார்கள். இரண்டாம் தடவை முதல் ஞாயிறன்றே போனாள். பையனுக்கு உடம்பு சரியில்லை, பார்க்க முடியாது என்றார்கள். சுட்டுக் கொண்டுபோன ரொட்டியைக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்படி ஒரு ரொட்டி வந்ததே தனக்குத் தெரியாது என்று மைலி பிற்பாடு சொன்னான். அறுபத்துநான்கில் அம்மா இறந்தாள். அறுபத்தாறில் அவனை வெளியே விட்டபோது அட்டைப் பெட்டியோடு எங்களைத் தேடி வந்து, “அம்மா எங்க?” என்று என்னிடம் கேட்டான். இரண்டு வருடமாக யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அங்கே அவனுக்கு என்ன செய்தார்கள் என்பதை ஒரே ஒரு தடவை, குதிரைச் சந்தையில், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னான். அதை நான் இங்கே சொல்ல மாட்டேன். என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவன் சாகும்வரை பெல்ட் போட்டதில்லை. கால்சட்டையைக் கயிற்றால் கட்டுவான். யாராவது இடுப்பில் பெல்ட்டைத் தளர்த்தினால் எழுந்து வெளியே போய்விடுவான். உறைபனிக் காலத்திலும் கேரவன் கதவைத் திறந்து வைத்துத்தான் தூங்குவான். பள்ளிக்கூடம் போகவில்லை என்றுதான் பிடித்துப் போனார்கள். ஒன்பது வருடம் கழித்து வந்தபோது பூட்ஸுக்கு அடித்தோல் தைக்கத் தெரிந்திருந்தது, விறகுக்குப் பதிலாக எரிக்கிற சதுப்பு மண்ணை வெட்டத் தெரிந்திருந்தது. பெயர் எழுதத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு தொண்ணூற்றொன்பதில், அந்த மாதிரிப் பள்ளிகளில் வளர்ந்தவர்களிடம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. என் கேரவனில் இருந்த டிவியில் பார்த்தோம். மைலி சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தான். “பாருடி வின்னி, அந்தாளு கேமராவத்தான் பாத்து மன்னிப்புக் கேக்குறான். கேமரா எந்த ஸ்கூல்ல இருந்துச்சாம்?” என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அதன் பிறகு இழப்பீடு கொடுக்க ஒரு வாரியம் வைத்தார்கள். ஊரில் வக்கீலாக இருக்கும் மிஸ் லாலர் அவனுக்காக மனு எழுதினார். மனுவில் போட வேண்டும் என்பதற்காக அவன் பெயரை எழுத அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவன் எழுதி முடிப்பதற்குள் கெட்டிலில் தண்ணீர் கொதித்துவிடும். போன வருடம் செப்டம்பரில் வாரியத்தின் முன்னால் விசாரணை நடந்தது. துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்றதால் நானும் உள்ளே இருந்தேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டாக்டர் சின்ன அளவுகோல் வைத்து அவன் காதுக்குக் கீழே இருந்த தழும்பை அளந்தார். அடிக்கு இத்தனை புள்ளி, மற்றதற்கு இத்தனை புள்ளி என்று கணக்கு இருந்தது. வெளியே வந்து சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, “ஒம்போது வருசத்துல ஒரு பரீட்சை வெக்கல. இப்ப வந்து மார்க்கு போடுறானுங்க” என்றான்.

அந்த விசாரணையின் முடிவில், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் கேட்டார். மைலி எழுந்து நின்றான். “எங்கம்மா எங்கள நல்லாத்தான் வெச்சிருந்தா. கோர்ட்டுத் தாள்ல அப்படி இல்ல. அத அடிச்சுட்டு, ஹானோரா மோங்கன் தன் புள்ளைங்கள ஒழுங்காத்தான் பாத்துக்கிட்டான்னு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்றான். அது எங்கள் அதிகாரத்தில் இல்லை என்று தலைவர் மெதுவாகத்தான் சொன்னார். “அப்ப யார் அதிகாரத்துலன்னு சொல்லுங்க, அங்க போறேன்” என்றான். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

இந்த வருடம் ஜனவரி கடைசியில் பதில் வந்தது. மிஸ் லாலர் என் கேரவனுக்கு வந்து படித்துக் காட்டினார். ஒரு மன்னிப்புக் கடிதம் இருந்தது. ‘அன்புள்ள விண்ணப்பதாரரே’ என்று தொடங்கியது. அம்மாவைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கூடவே ஒப்புக்கொள்ளும் தாள் ஒன்று இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் தொகை வரும், கணக்கு முடிந்தது, இனி இதைப் பற்றி எந்தக் கோர்ட்டுக்கும் போகக்கூடாது, வாரியத்தில் சொன்னதையும் கொடுத்ததையும் வெளியில் சொல்லவும் கூடாது, சொன்னால் குற்றம். ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். மைலி கடைசிவரை கேட்டுவிட்டு, “அன்னைக்கு அங்க இருந்த பிரதரும் இதேதான் சொன்னான், வெளிய மூச்சு விடாதன்னு. ஆனா அவன் கையெழுத்துக் கேக்கல” என்றான். மிஸ் லாலர் தாளை மடித்து அவனிடம் கொடுத்தார். “மைல்ஸ், நான் உங்கள அவசரப்படுத்தல. ஆனா ஒரு மாசந்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் அந்தத் தாளைத் தன் கேரவனில் படுக்கைக்கு மேலே இருந்த தகர டப்பாவில் வைத்தான். அப்போதே அவனுக்கு நுரையீரல் கெட்டிருந்தது. கேரவன் சுவரில் ஈரம் வழியும். கையெழுத்துப் போட்டால் சூடு உள்ள ஒரு வீடு எடுக்கலாம் என்று நான் அவனை நச்சரித்தேன். இதையும் எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் இது நடந்தது. “போட்டுத் தொலைடா மைலி. அம்மா செத்து நாப்பது வருசமாச்சு. அவளுக்கு என்ன தெரியவா போகுது?” என்றேன். “எனக்குத் தெரியுதே” என்றான். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிப்ரவரி பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை மத்தியானம் முட்டைக்கோசும் பன்றிக்கறியும் எடுத்துக்கொண்டு அவன் கேரவனுக்குப் போனேன். மேஜையில் டப்பா திறந்து இருந்தது. அந்தத் தாள்களும், பத்திரிகையில் குதிரைப் பந்தயம் போடுகிற பக்கமும் அவன் முன்னால் கிடந்தன. பந்தயப் பக்கத்தின் ஓரத்தில் பெயர் எழுதிப் பழகுவது அவன் வழக்கம். கையில் பேனா இருந்தது. என்னைப் பார்த்ததும் பேனாவை மூடி, எல்லாவற்றையும் சேர்த்து டப்பாவுக்குள் தள்ளி மூடி போட்டான். “இது ஆச்சு. டீயப் போடு வின்னி” என்றான். டீ போட்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவனுக்கு மூச்சு வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து கூட்டிப் போனது. ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் போட்டிருந்ததால் பேச முடியவில்லை. பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இறந்தான். இருபத்தொன்றாம் தேதி அடக்கம் செய்தோம்.

எங்கள் சனத்தில் ஒருவர் போய்விட்டால் அவர் இருந்த வண்டியை உள்ளே இருப்பதோடு எரித்துவிட வேண்டும். போனவரின் பெட்டியை யாரும் திறக்கக் கூடாது, அவர் படுக்கையில் யாரும் படுக்கக் கூடாது. அப்படிச் செய்தால்தான் அவர் கிளம்புவார். அப்பாவின் வண்டியை எரித்தோம், அம்மாவின் வண்டியையும் எரித்தோம். இப்போது சிலர் கேரவனைத் தூரத்து வியாபாரிக்கு விற்றுவிடுகிறார்கள். மைலிக்கு நான் அப்படிச் செய்ய நினைக்கவில்லை. கேஸ் சிலிண்டரை வெளியே எடுத்தேன், அவன் நாயைக் கட்டினேன், பக்கத்துக் கேரவன்களைத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். அதன் பிறகு உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றினேன். டப்பாவைப் பார்த்தேன். தொடவில்லை. ஒரு மணி நேரத்தில் சக்கரங்களும் அடிச்சட்டமும் மட்டும் மிஞ்சின. கேரவன் நகராட்சிக் கடனில் வாங்கியது, கடன் தீரும்வரை அது நகராட்சியின் சொத்து என்பது எனக்குத் தெரியாது. மைலிக்குத் தெரிந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மிஸ் லாலர் வந்தார். கையெழுத்துப் போட்டிருந்தால் தொகை குடும்பத்துக்கு வரும், போடாமல் இறந்திருந்தால் அது அவனோடு போயிற்று என்றார். தாள் எங்கே என்று கேட்டார். கருகிய அடிச்சட்டத்தைக் காட்டினேன். அவர் தன் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்து, மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார். அவன் போட்டதைப் பார்த்ததாக யாராவது சத்தியம் செய்தால் வாரியத்திடம் வாதாடிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, “நான் உங்கள எதையும் சொல்லச் சொல்லல வின்னி” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை நகராட்சியிலிருந்து மிஸ்டர் பிரெண்டர்காஸ்ட் வந்தார். “வின்னி, தம்பி கையெழுத்துப் போட்டதப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வர்ற தொகையில கேரவன் கடன் அடஞ்சுரும், நாங்க புகார வாபஸ் வாங்கிக்கிறோம். இல்லேன்னா இது பொதுச்சொத்துக்குத் தீ வெச்ச கேஸ். இந்த வயசுல ஜெயிலுக்குப் போவணுமா?” என்றார். “எங்க வீட்ல ஏற்கனவே ஒருத்தன் ஏழு வயசுலயே போயிட்டு வந்துட்டான் சார், எனக்கு இது லேட்டுதான்” என்றேன். அவர் காருக்குப் போய்விட்டார்.

இன்றைக்கு சார்ஜன்ட் டெவானியும் அதையே கேட்டார். பேனாவைப் பார்த்தேன் என்றேன். “பேனா போதாது வின்னி. தாள்ல அவர் எழுதினதப் பாத்தீங்களா?” என்றார். “எழுத்தப் பாத்து எனக்கு என்னங்க தெரியும்? இப்ப நீங்க எழுதுறதும் எனக்கு வெறுங் கோடுதான்” என்றேன்.

அவன் கையெழுத்துப் போட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால், அம்மா தகுதியில்லாதவள் என்கிற தாளை அவன் அப்படியே விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளச் சம்மதித்தான் என்று செத்தவன் வாயில் நான் திணித்ததாக ஆகும். போடவில்லை என்றும் சொல்ல மாட்டேன். அவனை நச்சரித்தவள் நான். எனக்குத் தெரியாது என்பதுதான் என் பதில்.

இன்னும் ஒன்று சொன்னேன். ஹானோரா மோங்கன் தன் பிள்ளைகளை ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டாள், இது அவள் மகள் சொல்வது. இது வழக்குக்குத் தேவையில்லாதது என்றார் சார்ஜன்ட். நான் சொல்கிற எல்லாவற்றையும் எழுதுவேன் என்று சொல்லித்தானே உட்காரவைத்தீர்கள் என்றேன். எழுதினார். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். அரசாங்கத்தின் தாள் ஒன்றில் இப்போது அது இருக்கிறது, என்னைக் குற்றவாளியாக்குகிற தாளில்.

எழுதிய எல்லாவற்றையும் சார்ஜன்ட் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, சொல்லாததைச் சேர்க்கவில்லை. என்னை யாரும் மிரட்டிப் பேசவைக்கவில்லை. ஆசை காட்டியவர் யார் என்பதை மேலேயே சொல்லிவிட்டேன். கீழே இருக்கிற சிலுவைக் குறி என் கையால் போட்டது.

X
வினிஃப்ரெட் மோங்கன், அவருடைய குறி
2006 மார்ச் 6, கில்ரோவன் காவல் நிலையம்
என் முன்னால் போடப்பட்டது: சார்ஜன்ட் பி. டெவானி

குறி போட்ட பிறகு மேற்படியார் சொன்னது, அவர் கேட்டுக்கொண்டபடி சேர்க்கப்படுகிறது:

மைலி, அந்தச் செவ்வாக்கெழமை நீ பேரெழுதுனது எந்தத் தாள்ல, கண்ணு?