ஓக் அலுமாரியோடு வந்த புனிதர்

வோபர்னில் பஸ் ஏறினேன். முன் சீற்றில் இரண்டு பெண்கள்.

“மூண்டு மாசமா அந்த வெள்ளைக்காரருக்கு மெழுகுதிரி கொளுத்தினனான், அக்கா.”

“எந்த வெள்ளைக்காரர்?”

“பழைய இங்கிலாந்து ஓக் அலுமாரி வாங்கினனாங்களெல்லோ, அதோட வந்த படம். கறுப்பு உடுப்பு, வெள்ளைக் கொலர். ஆரோ புனிதர் எண்டு நினைச்சு, என்ரை மனுசன்ரை ஈரலுக்காக மன்றாடினன்.”

“பிறகு?”

“நேற்று பழம்பொருள் சேர்க்கிற ஒருத்தர் படத்தை விலைக்குக் கேட்டு வந்தவர். பின்பக்கத்தை வாசிச்சுப்போட்டுச் சொல்லுறார், இவர் பியர் காய்ச்சி வித்த முதலாளியாம்.”

“ஐயோ! அப்ப ஈரல்?”

“இண்டைக்கு ரிசல்ற் வந்திட்டுது. ஒண்டுமில்லையாம்.”

அக்கா நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டார். “படத்தைக் குடுத்திட்டியோ?”

“குடுக்கிறதோ? இனிக் குடிக்கமாட்டன் எண்டு மனுசன் முழந்தாளில நிண்டு சத்தியம் பண்ணினது அவருக்கு முன்னால. அவர் ஆரெண்டு மனுசனுக்கு இன்னும் தெரியாது.”